வழக்குச் சொத்து

களியக்காவிளை ஸ்டேஷன் பின்சுவரோரம்
மூன்று இடவப்பாதி நனைந்து நின்ற யமஹாவை
மினி டெம்போவில் ஏற்றிப் பொன்மனைக்குக் கொண்டுவந்தேன்.
டேங்கில் வெள்ளை பெயின்ட்டில் குற்ற எண்.
சீட்டுக்கடியில் எறும்புகள் குடும்பத்தோடு.
ஹெட்லைட்டைக் காணோம். கேட்டதற்கு,
"மழை கொண்டு போயிருக்கும்" என்றார் ஏட்டு.

டேங்கைக் கவிழ்த்தால்
வந்தது பெட்ரோல் இல்லை,
கருப்பட்டிக் கலரில் வேறு ஏதோ.
கழுவினேன். பிளக் மாற்றினேன்.
கார்புரேட்டரைப் பிரித்து
ஜெட்டின் ஊசித்துளை வழியே ரப்பர் இலையைப் பார்க்கும்வரை ஊதினேன்.
பதினாலாவது உதையில் எழுந்தது.
எழுந்தது இறங்கவில்லை.

ஆக்சிலேட்டரை நான் தொடவேயில்லை.
அது பாட்டுக்கு ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது,
தகரத்தை யாரோ ஆத்திரத்தில் அறுக்கிற மாதிரி.
சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் தள்ளி நின்றேன்.

ஐடில் ஸ்குரூவை முழுக்கத் தளர்த்தினேன். அதே அலறல்.
ஹேண்டிலை இடமும் வலமும் ஒடித்துப் பார்த்தேன்,
பிடியிலிருந்து கேபிளையே கழற்றிவிட்டேன்,
அப்போதும்.
ஸ்லைடு ஒட்டியிருக்குமோ? இல்லை,
விட்டதும் டக்கென்று அடியில் உட்கார்ந்தது.
கூடுவது பெட்ரோல் இல்லை, காற்று
என்று புரிய இரண்டு நாள் ஆயிற்று.
எந்த வழியாக என்பது அப்போதும் புரியவில்லை.

ஷீட் அடித்த கையோடு ஷீஜா வந்தாள்.
கிண்ணத்தில் சோப்புத் தண்ணி,
கேஸ் டியூபில் கசிவு பார்க்கக் கரைப்பாளே, அது.
"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

மூன்று வருஷமாய்ச் சொல்லாததை
அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாம் என்று
எனக்கு எப்படித் தோன்றியதோ.
அவள் குனிந்து நுரை தடவுகிறாள்.
நான் அவள் முதுகைப் பார்த்துக் கத்துகிறேன்,
எனக்கே கேட்கவில்லை:
ஒரு மணிக்கூர் என்று சொல்லித்தானே கொண்டு போனான்,
போட்டுக்காரன் மண்ணெண்ணெய் முப்பத்தஞ்சு லிட்டரை
என் வண்டியில்தான் கட்டணுமா,
மூணு வருஷம் இருட்டில் வெட்டுக்கு நடந்தேனே,
ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது நீ

குமிழ்விடும் என்று பார்த்திருந்தாள்.
குமிழவில்லை.
ரப்பர் குழாயின் அடிப்பக்கம், கண் எட்டாத இடத்தில்
நுரை உள்ளே போய்க் காணாமல் போனது.
இன்ஜின் இறங்கியது,
விக்கியது,
அணைந்தது.

"அவன் செஞ்சது தப்புன்னு சொன்னியா!"
என்கிற மிச்சம் மட்டும்
முழுச் சத்தத்தில் தோட்டத்தில் நின்றது.
ஒட்டுப்பால் பறித்துக்கொண்டிருந்த தாசையன்
தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
வேறு மரத்துக்குப் போனார்.

ஷீஜா விரலை அடியில் கொடுத்துத் தடவினாள்.
"வெடிப்பு. நகம் போகுது."
கையைத் துடைத்துக்கொண்டே,
"முதல்லேருந்தே கேட்டுது" என்றாள்.
கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அறுநூறு ரப்பர் மரத்துக்கு நடுவில் இருந்துகொண்டு
ஒரு துண்டு ரப்பருக்காக
பஸ் ஏறி மார்த்தாண்டம் போனேன்.
மேம்பாலத்துக்கு அடியில் ஒரு கடை, நூற்றெண்பது ரூபாய்.
"ஒரிஜினல் இல்ல, ஆனா நிக்கும்" என்றான் பையன்.
மாட்டினேன். கிளாம்பை இறுக்கினேன்.
ஸ்குரூவை முன்பிருந்த இடத்துக்குக் கொண்டுவந்தேன்.
இப்போது சும்மா இருக்கும்போது
சும்மா இருக்கிறது.

பத்திரத்தில் எழுதி வாங்கியிருக்கிறார்கள்:
விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது,
எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது,
கூப்பிடும் தேதியில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.
அதனால் வெடித்த ரப்பரைக் கவரில் போட்டு
பத்திரத்தோடு பீரோவில் வைத்தோம்.
கவர்மேல் குற்ற எண்ணை எழுதியது ஷீஜா,
ஏழை மட்டும் கொஞ்சம் சாய்த்து.

"ஹெட்லைட் எங்கேன்னு கோர்ட்டுல கேட்டா?"
என்றாள், பேனாவை மூடாமல்.
நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:
"மழை."